பழக்கடை ஈ ஒற்றைச் சிறகை நீட்டி நடுங்குவது ஏன்?

கேள்வி: சாம்பல்தீவான்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழச்சாறுக் கடை வைத்திருக்கிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். அன்னாசித் தோல் வாளியை மொய்க்கும் சின்ன ஈக்களைப் பார்ப்பதுதான் அப்போது வேலை. ஓர் ஈ இன்னொன்றின் பின்னால் நடக்கிறது, முன்னங்காலால் தட்டுகிறது, பிறகு ஒற்றைச் சிறகைப் பக்கவாட்டில் நீட்டி நடுக்குகிறது. எந்த ஈயைப் பார்த்தாலும் இதே வரிசைதான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள், "அது ஒரு பரம்பரையலகின் (மரபணுவின்) வேலை அப்பா" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். தோலின் நிறத்தைப் பரம்பரையலகு தீர்மானிக்கும் என்றால் புரிகிறது. நடத்தையை எப்படித் தீர்மானிக்கும்?

பதில்: விலங்கியல் டீச்சர், உப்புவெளி

தம்பி, மகள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை "காதல் மரபணு கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போடுகிறவர்கள் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பாடம் நடத்திய காலத்திலிருந்தே அந்தத் தலைப்பைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

முதலில் நீங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். பின்னால் போவது ஆண். முன்னங்காலால் தட்டும்போது அது பெண்ணின் தோலைச் சுவைக்கிறது; ஈக்களுக்குக் காலிலும் சுவை உணர்வு உண்டு. சிறகு நடுங்குவது பாட்டு. நம் காதுக்குக் கேட்காது, பெண் ஈ உணர்கொம்பால் கேட்கும். ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் துரோசொபிலா மெலனோகாஸ்டர் என்ற சின்ன ஈ இனத்தின் பாட்டில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 35 மில்லிசெக்கன். அதன் நெருங்கிய உறவான சிமுலான்சுக்கு அது 50க்குப் பக்கம். இனம் மாறினால் தாளமும் மாறும். உங்கள் வாளியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கக்கூடும். கூர்ந்து பாருங்கள், சிறகை நீட்டும் விதமே வேறுபடலாம்.

இனிப் பரம்பரையலகு. 1963இல் குல்பீர் கில் என்ற ஆய்வாளர் ஒரு விகார ஈயை, அதாவது பரம்பரையலகு ஒன்று பழுதுபட்ட ஈயைப் பற்றி எழுதினார். அந்த ஆண்கள் பெண்ணையும் துரத்தின, ஆணையும் துரத்தின. ஆனால் யாருடனும் இணையவில்லை, வாரிசும் இல்லை. அப்படிப்பட்ட ஆண்களை ஒரே குப்பியில் விட்டால் ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி போட்டுச் சுற்றும். பழுதுபட்டிருந்த பரம்பரையலகுக்கு இன்றைய பெயர் புரூட்லெஸ்.

இது ஆணிடமும் உண்டு, பெண்ணிடமும் உண்டு. வேறுபாடு, புரதம் செய்வதற்காக அதிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ பிரதியை வெட்டி ஒட்டுவதில் இருக்கிறது. ஒரே துணியைத் தையற்காரர் ஒரு மாதிரி வெட்டினால் சட்டை, வேறு மாதிரி வெட்டினால் ரவிக்கை என்பதைப் போல. ஆணில் வெட்டப்படும் முறையில் ஒரு முழுப் புரதம் கிடைக்கிறது. பெண்ணில் அந்தப் புரதம் உருவாவதே இல்லை.

2005இல் வியன்னாவில் டெமிரும் டிக்சனும் செய்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. பெண் ஈக்களில் ஆண் முறைப்படி வெட்டும்படி மாற்றிவிட்டார்கள். உடம்பில் அவை பெண்கள்தாம். ஆனால் மற்றப் பெண்களின் பின்னால் போயின, தட்டின, சிறகை நீட்டின. ஆண்களில் பெண் முறைப்படி வெட்டவைத்தபோது காதலாட்டம் பெரும்பாலும் நின்றுபோயிற்று.

இதை வைத்துக்கொண்டு "ஒரு பரம்பரையலகு கட்டளை இடுகிறது" என்று சொல்லிவிட முடியாது. அந்தப் புரதம் ஈயின் மூளையில் ஏறத்தாழ 2000 நரம்புக்கலங்களில் மற்றப் பரம்பரையலகுகளைத் திறந்தும் மூடியும், எந்தக் கலம் எதனுடன் இணைய வேண்டும் என்பதில் கைவைக்கிறது. கூட்டுப்புழுப் பருவத்திலேயே கட்டுமானத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். பெண்ணின் வாசனையும் சுவையும் வந்து சேரும்போது, ஏற்கெனவே கட்டப்பட்ட சுற்று இயங்குகிறது. டபுள்செக்ஸ் என்ற இன்னொரு பரம்பரையலகும் இதில் பங்காளி.

அனுபவத்துக்கும் இடம் உண்டு. ஏற்கெனவே இணைந்த பெண்ணிடம் ஒரு மணி நேரம் உதை வாங்கிய ஆண், பிறகு கன்னிப் பெண்ணைக் காட்டினாலும் சில மணி நேரம் ஊக்கமாகத் துரத்தாது. இதை 1979இலேயே காட்டிவிட்டார்கள். 2014இல் வந்தது இன்னும் சுவையானது. புரூட்லெஸ் ஆண் புரதம் இல்லாத ஆண்களைத் தனியாக வளர்த்தால் அவை காதலாட்டம் ஆடுவதில்லை. சில நாள் மற்ற ஈக்களோடு கூட்டமாக வைத்திருந்தால் ஆடக் கற்றுக்கொள்கின்றன. அதற்கு டபுள்செக்ஸ் வேண்டும். ஆகவே "எல்லாம் பிறவியிலேயே எழுதப்பட்டது" என்று மகள் சொன்னால் இந்தச் சோதனையைச் சொல்லுங்கள்.

பதில்: மூதூர்த் தோட்டக்காரன்

டீச்சர், விவசாயத் திணைக்களத்தார் பழ ஈ என்று சொல்வது இதையா? என் மாம்பழத்தை வெட்டினால் உள்ளே புழு நெளிகிறது. அதற்கும் பாட்டு, தாளம் எல்லாம் உண்டா?

பதில்: விலங்கியல் டீச்சர், உப்புவெளி

இல்லைத் தம்பி, அது வேறு குடும்பம். உங்கள் எதிரி பாக்ட்ரோசெரா என்ற வகை ஈ, வீட்டு ஈயின் பருமன் இருக்கும். நல்ல காயைத் துளைத்து முட்டை இடும். சாம்பல்தீவுத் தம்பியின் ஈ மூன்று மில்லிமீற்றர் கூட இராது, அழுகிப் புளித்ததைத்தான் நாடும். அதைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஆனால் உங்கள் ஈயின் காதலிலும் ஒரு செய்தி இருக்கிறது. பாக்ட்ரோசெராவில் ஒன்றான கீழைத்தேயப் பழ ஈயின் ஆண், மெதயில் யூஜினோல் என்ற பொருளைத் தேடிப் போய் உண்ணும். உண்ட ஆணுக்குப் பெண் கிடைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பொறிக்குள் அதை வைத்து ஆண்களைப் பிடிப்பது இந்த மோகத்தை நம்பித்தான். துளசியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. ஒன்றிரண்டு பொறி தொங்கவிட்டுப் போதும் என்று இருந்துவிடாதீர்கள். தப்பிய சில ஆண்களே பல பெண்களுக்குப் போதும். விழுந்த பழத்தைப் பொறுக்கி ஆழமாகப் புதைப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

பதில்: சாம்பல்தீவான்

நன்றி டீச்சர். பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் இதை வாசித்துவிட்டு, "அப்படியானால் மனிதரின் காதலுக்கும் இப்படி ஒன்று இருக்கும்" என்கிறார். என்ன சொல்லட்டும்? இன்னொன்று: ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: விலங்கியல் டீச்சர், உப்புவெளி

புரூட்லெஸ் பூச்சிகளின் சங்கதி. மனிதரில் அதே வேலையைச் செய்யும் நேர்ச்சோடி இல்லை. டபுள்செக்ஸின் உறவான டி.எம்.ஆர்.டி.1 என்ற பரம்பரையலகு நம்மிடம் உண்டு. அது ஆணின் விதை (விந்தகம்) உருவாவதோடு தொடர்புடையது, காதல் கடிதத்தோடு அல்ல. அவருக்கு ஒரு பிளேன்டீயைச் சொல்லிக்கொண்டே இதை விளக்குங்கள்.

பிரித்தறிய ஒரு கைவில்லை போதும். ஆண் சிறியது, வயிற்று நுனி கறுத்து உருண்டிருக்கும். பெண்ணுக்கு நுனி வெளிறிக் கூராக இருக்கும். பிடித்து வைத்துப் பார்ப்பதானால் புளித்த வாழைப்பழத் துண்டோடு போத்தலில் விட்டுத் துணியால் மூடுங்கள். வெயில் படாத குளிர்ந்த மூலையில் வையுங்கள். 30 பாகைச் சூட்டில் வளரும் மெலனோகாஸ்டர் ஆண்கள் மலடாகிவிடக்கூடும்.