அணியின் பெயர் தெரிகிறது, பாட்டில் அணி தெரியவில்லை: ஏழாம் வகுப்பில் என்ன செய்யலாம்?

கேள்வி: சுண்ணக்கட்டி

வணக்கம். நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். உவமையணி என்றால் என்ன என்று கேட்டால், உவமானம் (ஒப்பாகக் காட்டும் பொருள்), உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்), உவம உருபு (‘போல’ போன்ற இணைப்புச் சொல்) என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் படிக்காத பாட்டு ஒன்றைக் கொடுத்தால், அதில் ‘போல’ எங்கே இருக்கிறது என்றுதான் கண்கள் தேடுகின்றன. சென்ற வாரம் கரும்பலகையில் ‘மழை வரும்போல இருக்கிறது’ என்று எழுதி, இது உவமையா என்று கேட்டேன். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் ஆம் என்றார்கள். ஒரு மாணவன் மழையை உவமேயமாக்கிவிட்டு, உவமானத்தை எழுத நான் மறந்துவிட்டதாகவும் சொன்னான்.

எதுகையிலும் இதே கதைதான். இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் போதும் என்று ‘பட்டு’, ‘பாட்டு’ இரண்டையும் எதுகை என்கிறார்கள். மதிப்பெண் எப்படியோ வந்துவிடுகிறது. பாட்டைப் படிக்கும்போது இவை கண்ணிலும் காதிலும் பட வேண்டும் என்பதே என் கவலை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: பழைய கரும்பலகை

பட்டு, பாட்டு குழப்பம் பிள்ளைகளுடைய தவறன்று; விதியின் பாதியைத்தான் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். முதல் எழுத்து அளவில் ஒத்திருந்து, அதாவது குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் நின்று, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதே எதுகை. இதை விதியாகச் சொல்வதற்கு முன் காதில் விழ வைப்பது நல்லது. நான் ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்ற குறளை இரண்டு முறை உரக்கப் படிப்பேன். மூன்றாம் முறை ‘தோண்டுவோரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ என்று மாற்றிப் படிப்பேன். பொருள் அப்படியே இருக்கும், ஆனால் வகுப்பில் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். எது கெட்டுப்போயிற்று என்று அவரையே கேட்டால், அகழ்வார், இகழ்வார் இரண்டையும் தானே எடுத்துக் கொடுப்பார். பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

‘போல’ தேடும் பழக்கத்துக்கு முதல் குறளே மருந்து. அகரம் எழுத்துகளுக்கு முதல், ஆதிபகவன் உலகுக்கு முதல்; இரண்டும் அருகருகே நிற்கின்றன, நடுவில் உவம உருபு இல்லை. எடுத்துக்காட்டு உவமையணி என்று பெயர் சொல்லும் முன், அந்தக் குறளில் ‘அதுபோல’ என்ற சொல்லை எந்த இடத்தில் நுழைக்கலாம் என்று கேளுங்கள். அதன் முதல் அடியில் ‘அகர’, ‘ஆதி’ என்று மோனையும், அதாவது முதல் எழுத்து ஒன்றி வருவதும், இருக்கிறது. அகரத்துக்கு ஆகாரமும் மோனையாகும் என்பது பலருக்கு அங்கேதான் விளங்கும்.

மறுமொழி 2: வைகைக்கரை

என் அனுபவத்தில், உவமானப் பொருளைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை என்பதுதான் பாதிச் சிக்கல். ‘பசுமரத்தாணி போல’ என்பதற்குப் பொருள் எழுதுவார்கள். ஏன் பசுமரம் என்று கேட்டால் விழிப்பார்கள். ஒரு நாள் காலையில் வெட்டிய வேப்பங்கொம்பையும், உடைந்த பெஞ்சின் காய்ந்த சட்டத்தையும் வகுப்புக்குக் கொண்டுபோய், இரண்டிலும் ஆணி அடிக்கச் சொன்னேன். சட்டத்தில் ஆணி வளைந்து நின்றது, கொம்பில் மூன்றே அடியில் இறங்கிவிட்டது. அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. (பக்கத்து வகுப்பாசிரியர் மட்டும் சத்தம் தாங்காமல் வந்து எட்டிப் பார்த்தார்.)

உருவகத்துக்கு ‘தேன்’, ‘தமிழ்’ என்று இரண்டு அட்டைகள் போதும். ‘தேன்தமிழ்’ என்று வைத்தால் தேன் போன்ற தமிழ், அது உவமைத்தொகை. இடம் மாற்றித் ‘தமிழ்த்தேன்’ என்று வைத்தால் தமிழே தேனாகிவிடுகிறது, அது உருவகம். பிள்ளைகளே மலர்முகத்தை முகமலர் ஆக்கிக்கொள்வார்கள்.

ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் பிறிது மொழிதல் அணிக்கு விடுகதையைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ‘அந்தரத்தில் தொங்குது செம்பும் தண்ணீரும்’ என்றால் இளநீர் என்று உடனே சொல்கிறார்கள். சொன்னது செம்பு, சொல்லாமல் விட்டது இளநீர் என்று காட்டிவிட்டு, ‘பீலிபெய் சாகாடும்’ குறளுக்குப் போகலாம். மயிலிறகையும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று மட்டும்தான் வள்ளுவர் சொல்கிறார். அது வலியறிதல் அதிகாரத்தில் வருகிறது என்ற ஒரு துப்பை மட்டும் கொடுத்துவிட்டு, சொல்லாமல் விட்டதை அவர்களையே தேட விடுங்கள்.

மறுமொழி 3: நன்னூல் வாசகன்

மேலே சொன்னவை நல்ல வழிகள்தாம், ஆனால் பெயரை மிகவும் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டாம். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. இந்த வயதுக்கு நான்கைந்து போதும், ஆனால் அந்த நான்கைந்தின் பெயர் வாயில் நிற்க வேண்டும். பெயர் தெரியாத பிள்ளை ‘இந்த இடம் நன்றாக இருக்கிறது’ என்பதோடு நின்றுவிடும். பெயரே வழிகாட்டும் இடங்களும் உண்டு. ‘வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று’ என்று படித்ததும், பாறை நிலத்தில் பட்டமரம் தளிர்க்குமா என்று கேளுங்கள். தளிர்க்காது என்பார்கள். இல்லாத பொருளை உவமையாக்கினால் இல்பொருள் உவமை. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது.

கேட்டவர்: சுண்ணக்கட்டி

மூவருக்கும் நன்றி. நேற்று முருங்கைக் கொம்பில் ஆணி அடித்துப் பார்த்தோம், நன்றாகவே இறங்கியது. ஆனால் பின்வரிசை மாணவி ஒருத்தி அதைக் கையாலேயே பிடுங்கிக் காட்டி, “ஐயா, மனத்தில் பதிந்தது இப்படி உடனே வந்துவிடுமா?” என்றாள். ஆணியை அப்படியே விட்டு ஒரு வாரம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். வைகைக்கரை அவர்களே, உங்கள் வேப்பங்கொம்பில் ஆணி பிடித்து நின்றதா?