பிரித்துக் கொடுத்த குப்பை ஒரே வண்டியில் போனால்?

கேள்வி: மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காதது நீலத் தொட்டி என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம், ஆனால் வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டும்போது மனசு விட்டுப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: விட்டுவிடாதீர்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளில் பிரித்து வாங்குவது உள்ளாட்சியின் கடமை. தெருக்காரர்கள் கையெழுத்தோடு சுகாதார ஆய்வாளரிடம் மனு கொடுங்கள்.

பதில் 2: வண்டியில் தடுப்பு இருக்கிறதா பாருங்கள் அக்கா. எங்கள் ஊர் வண்டியில் இல்லை, அப்புறம் தூய்மைப் பணியாளரைத் திட்டி என்ன பயன்? நாங்கள் மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்க, மொட்டைமாடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளியில் காய்கறித் தோலும் காய்ந்த இலையுமாக மாற்றி மாற்றிப் போட்டு, புளித்த மோர் தெளித்து மூடிவைக்கிறோம், நாற்றமே இல்லை.

பதில் 3: நாப்கினைப் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அதைத் தூய்மைப் பணியாளர்கள் வெறும் கையால் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.