இம்மாக்குலாட்டா கல்லூரி மகளிர் கூடைப்பந்து: தொடக்கக்கால வெற்றிகளுக்கு எது காரணம்?

கேள்வி

அமெரிக்கக் கல்லூரிகளில் மகளிர் கூடைப்பந்து வளர்ந்த வரலாற்றைப் படித்து வருகிறேன். ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற மகளிர் விளையாட்டு அமைப்பு நடத்திய முதல் மூன்று தேசியப் போட்டிகளிலும், அதாவது 1972, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில், பிலடெல்பியாவுக்கு அருகில் அருட்சகோதரிகள் நடத்திய இம்மாக்குலாட்டா என்னும் சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரியே பட்டம் வென்றிருக்கிறது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த டைட்டில் 9 சட்டம்தான் அமெரிக்கப் பெண்களுக்கு விளையாட்டின் கதவைத் திறந்தது என்று பல கட்டுரைகளில் படித்தேன். அப்படியானால் அதன் பயன் முதலில் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? மாணவியர் சில நூறு பேரே படித்த ஒரு கல்லூரி எப்படி முந்தியது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

முதலில் தேதிகளைப் பாருங்கள். இம்மாக்குலாட்டா முதல் பட்டத்தை வென்றது 1972 மார்ச்சில். அதிபர் நிக்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜூன் 23 அன்று. ஆகவே அந்த வெற்றிக்குச் சட்டம் காரணமாக இருந்திருக்க முடியாது.

என் பார்வையில், விடை கல்லூரிக்குள் இல்லை. பிலடெல்பியாவின் பங்குகளிலும் (ஒவ்வொரு தேவாலயத்தையும் சார்ந்த வட்டாரங்களிலும்) கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளிலும் இருக்கிறது. பெண்கள் போட்டி போட்டு விளையாடுவது உடலுக்கும் குணத்துக்கும் நல்லதல்ல என்று உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் கருதிய காலத்திலும், அந்தப் பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் முறையான தொடர்கள் நடந்து வந்தன. பங்கு அணிகளில் சிறுமியர் பத்து வயதிலேயே பந்தைப் பிடித்துப் பழகினார்கள். ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் 1892-இல் இந்த ஆட்டத்தைப் பெண்களுக்குக் கற்பித்தபோது, யாரும் அதிகம் ஓடக் கூடாது என்பதற்காகக் களத்தை மூன்றாகப் பிரித்தார். பின்னர் வந்த ஆறு பேர் ஆட்டத்திலும் தாக்குபவர் ஒரு பாதியிலும் தடுப்பவர் மறு பாதியிலுமே நிற்க வேண்டியிருந்தது. ஐந்து பேர் களம் முழுவதும் ஓடி ஆடும் முறை மகளிர் கல்லூரிகளுக்கு அதிகாரப்பூர்வ விதியானது 1971-இல்தான். அந்த மாற்றம் வந்தபோது, ஓடி ஆடத் தயாராக இருந்த பெண்கள் பிலடெல்பியாவில் ஏராளமாக இருந்தார்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே. ஆனால் பயிற்சியாளர் கேத்தி ரஷ்ஷைக் குறிப்பிடாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர் 1970-இல் பொறுப்பேற்றபோது, ஒரு பருவத்துக்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் 450 டாலர். கல்லூரியின் விளையாட்டு அரங்கம் 1967-இல் தீக்கிரையாகிவிட்டதால், துறவறப் பயிற்சி பெறும் நவகன்னியரின் இல்லத்துக் கூடத்தில்தான் பயிற்சி நடந்தது. மேல்சட்டைக்கு மேல் மடிப்பு வைத்த நீலக் கம்பளி அங்கியை அணிந்துகொண்டு வீராங்கனைகள் களமிறங்கினார்கள்.

1972 போட்டிக்குத் தகுதி பெறும் சுற்றின் இறுதியில், வெஸ்ட் செஸ்டர் அணியிடம் 32 புள்ளிகள் வித்தியாசத்தில் இவர்கள் தோற்றார்கள். தேசியப் போட்டிக்கு வந்த 16 அணிகளில் இவர்களுக்குத் தரப்பட்ட இடம் 15. போட்டி நடந்த இல்லினாய் மாநிலத்துக்குச் செல்லப் பணம் போதாமல், பல் துலக்கும் பிரஷ்களை விற்றுப் பணம் திரட்டினார்கள். அப்படியும் எட்டுப் பேரை மட்டுமே அழைத்துச் செல்ல முடிந்தது. அந்த எட்டுப் பேர்தான் இறுதி ஆட்டத்தில் அதே வெஸ்ட் செஸ்டரை 52–48 என்று வென்றார்கள். கல்லூரி விளையாட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றியை நான் படித்ததில்லை. உள்ளூர் ஆட்டங்களில் அருட்சகோதரிகள் வரிசையாக அமர்ந்து, ஒரு வீராங்கனையின் தந்தை தம் ஹார்ட்வேர் கடையிலிருந்து கொண்டு வந்த தகர வாளிகளை மரக்கட்டைகளால் தட்டி உற்சாகப்படுத்தினார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு வலுவாக இருந்த அணி 1974-க்குப் பிறகு ஏன் பட்டம் வெல்லவில்லை?

மறுமொழி 3

முக்கியக் காரணம் உதவித்தொகை. விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தொடக்கத்தில் தடை செய்திருந்ததால், திறமையான பெண்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியிலேயே சேர்ந்தார்கள். இம்மாக்குலாட்டாவுக்கு அது பெரும் வாய்ப்பாக இருந்தது. 1973-இல் ஒரு வழக்கின் விளைவாகத் தடை நீங்கியபின் பெரிய பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தந்து வீராங்கனைகளை அழைத்துக்கொண்டன; இந்தக் கல்லூரியால் அந்தச் செலவைத் தாங்க இயலவில்லை. கேத்தி ரஷ் ஏழு பருவங்களில் 149 வெற்றி, 15 தோல்வி என்ற கணக்குடன் 1977-இல் விலகினார். இருந்தாலும் அவரிடம் கற்றவர்கள் வேறு கல்லூரிகளில் பயிற்சியாளர்களானார்கள்: மரியான் ஸ்டான்லி ஓல்டு டொமினியன் அணியுடன் 1979, 1980, 1985 ஆண்டுகளிலும், தெரசா கிரென்ட்ஸ் ரட்கர்ஸ் அணியுடன் 1982-இலும் தேசியப் பட்டம் வென்றார்கள்.

மறுமொழி 1 எழுதியவர்

உதவித்தொகை பற்றிச் சொன்னதை நான் ஓரளவுக்கே ஏற்கிறேன். 1975, 1976 ஆகிய இரு ஆண்டுகளிலும் இறுதி ஆட்டத்தில் இம்மாக்குலாட்டாவை வீழ்த்திய மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் பெரிய பல்கலைக்கழகம் அன்று. அதுவும் ஓர் ஊர்ப்புறக் கல்லூரிதான். டைட்டில் 9 சட்டத்துக்கான நடைமுறை விதிகள் 1975 ஜூலையில்தான் அமலுக்கு வந்தன. அவற்றுக்கு இணங்கக் கல்லூரிகளுக்கு 1978 வரை அவகாசமும் தரப்பட்டது. எனவே 1975 மார்ச்சில் நேர்ந்த தோல்வியைச் சட்டத்தோடும் பணத்தோடும் மட்டும் முடிச்சுப் போடுவது பொருந்தாது. எதிரணியில் ஆறடி மூன்று அங்குல உயரத்தில் லூசியா ஹாரிஸ் நின்றார். கூடைக்கு அருகில் அவரைத் தடுக்க அன்றைக்கு எந்த அணியிடமும் ஆள் இல்லை.