நல்ல சாலைக்குத் தார்ப்பூச்சு, மோசமான சாலைக்கு ஒட்டுவேலை: நகராட்சிக் கணக்கில் நாங்கள் கண்டவை

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்:

எங்கள் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்க, ஆங்காங்கே விரிசல் மட்டுமே விட்டிருந்த பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகத் தார்ப்பூச்சு போடப்பட்டதும், அங்கே செல்வாக்குள்ளவர் யார் குடியிருக்கிறார் என்ற பேச்சுதான் முதலில் கிளம்பியது. சங்கத்தின் சார்பில் மனு கொடுக்கச் சென்றபோது, சாலைப் பிரிவின் உதவிப் பொறியாளர் மனுவைப் பெற்றுக்கொண்டதோடு நிற்காமல், நேரில் வந்து விளக்குவதாகக் கூறினார், சொன்னபடியே வந்தார்.

மூன்று மீட்டர் நீளமுள்ள நேர்ச்சட்டத்தைச் சக்கரத் தடத்துக்குக் குறுக்காக வைத்து, அதற்கும் சாலைக்கும் இடையே தெரிந்த இடைவெளியை, அதாவது சக்கரங்கள் அழுத்தி உண்டான தடப்பள்ளத்தின் ஆழத்தை, அளந்து குறித்துக்கொண்டார். பிறகு, முதலைத் தோல் போலக் கட்டங்கட்டமாக வெடித்திருந்த பகுதியில் குனிந்து, வெடிப்புகளின் ஓரத்தில் படிந்திருந்த வெளிறிய சேற்றுக் கறையைக் காட்டினார். மழைநீர் உள்ளே இறங்கி, வண்டி ஏறும்போதெல்லாம் அடித்தளத்தின் நுண்மண்ணைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது என்பதற்கு அது அடையாளம் என்றும், அடித்தளம் போன சாலையின் மேல் எவ்வளவு தார் போட்டாலும் நிற்காது என்றும் விளக்கினார்.

விரிசல், பள்ளம், தடப்பள்ளம் ஆகியவற்றின் அளவையும் கடுமையையும் கணக்கிட்டு ஒவ்வொரு சாலைக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் முறை, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு உருவாக்கியது. இன்று பல நாடுகளின் உள்ளாட்சிகள் அதையோ அதன் சாயலையோ பின்பற்றுகின்றன. சாலையின் ஆயுளில் முதல் முக்கால் பங்குக் காலத்தில் தரம் மெதுவாகக் குறைந்து, அதன் பிறகு மளமளவென்று சரியும் என்பதால், சரிவு தொடங்கும் முன்பே விரிசலை அடைத்து மெல்லிய பூச்சு போட்டுவிட்டால் செலவு சிறிதாக முடிகிறது. சரிந்துவிட்ட சாலையைத் தோண்டி மறுபடி அமைக்கும் செலவில், நல்ல நிலையில் உள்ள பல தெருக்களைக் காப்பாற்றிவிடலாம். மிக மோசமானதை முதலில் எடுப்போம் என்று இறங்கினால், அந்தச் சில தெருக்களிலேயே நிதி தீர்ந்து, மற்றவை அதற்குள் சரிவுக்கு வந்துவிடும்.

இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால், எங்கள் தெரு எந்த ஆண்டில் மறுசீரமைப்புக்கு வரும் என்று சொல்லாமல் இந்த வாதத்தை மட்டும் சொல்வது, காத்திருப்பவனுக்கு எந்த வகையிலும் உதவாது. மதிப்பெண் பட்டியலை அலுவலகத்துக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டு, மக்கள் சந்தேகப்படுகிறார்கள் என்று வருந்துவதிலும் பொருளில்லை.

இன்னொன்றும் கேட்டோம். எங்கள் தெரு மட்டும் ஏன் இவ்வளவு விரைவில் போனது? கனரக வண்டிகள் அந்த வழியாகத் திருப்பிவிடப்பட்டதே காரணம் என்றார் உதவிப் பொறியாளர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட கணக்குப்படி, சேதம் ஏறத்தாழ அச்சுச்சுமையின் (வண்டியின் ஓர் அச்சு சாலை மீது ஏற்றும் எடையின்) நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது சுமை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு. கார்களும் இருசக்கர வண்டிகளும் சாலையைக் கெடுப்பது சொற்பமே.

நகராட்சிக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

செயலாளர் ஐயா கூறியது பொறியியல் பக்கம். பணத்தின் பக்கம் வேறு. ஒட்டுவேலைக்கான தொகை அன்றாடச் செலவுகளுக்கான வருவாய்க் கணக்கிலிருந்தும், மறுசீரமைப்புக்கான தொகை பெரும்பாலும் நீண்டகாலப் பணிகளுக்கான மூலதனக் கணக்கிலிருந்தும் வரும். ஒன்றில் மிச்சமிருப்பதை நினைத்தபடி மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. மேலிருந்து வரும் மானியங்கள் பல சமயம் புதிய பணிக்கு என்று நிபந்தனையோடு வருவதால், சாலை போடப் பணம் கிடைக்கும், போட்ட சாலையைப் பராமரிக்கப் பணம் கிடைக்காது என்ற நிலையை நான் மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன். நிதியாண்டு முடிவதற்குள் செலவிடாவிட்டால் மானியம் காலாவதியாகிவிடும் என்ற அச்சத்தில், கடைசி நேரத்தில் அவசரமாகத் தார் போடுவதும் இதனால்தான் நடக்கிறது.

சொத்து வரியில் சாலைக்கு ஒதுக்கும் பங்கை மன்றக் கூட்டத்தில் குறைப்பது எளிது. ஏனெனில், இந்த ஆண்டு பூசாமல் விட்ட சாலை இந்த ஆண்டே கெட்டுப்போவதில்லை.

குழாயும் கேபிளும் பதிக்கத் தோண்டுவோரிடம் சாலைவெட்டுக் கட்டணம் வசூலிக்கிறோம். ஆனால் மூடிய பள்ளத்தை அடுக்கடுக்காக இறுக்காவிட்டால் அந்த இடம் அமிழ்ந்துவிடும், கட்டணம் அதை மீட்காது. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பெரிய அளவில் சீரமைத்த சாலையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தோண்டவிடாமல் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைச் சாலை நிர்வாகத்துக்குத் தருகிறது. அத்தகைய விதி இல்லாத ஊர்களில், தார் போடும் முன் குடிநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகிய மூன்று துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சக்கர நாற்காலியில் தந்தையை அழைத்துச் செல்லும் ஒருவர்:

நீங்கள் இருவரும் பேசியது வண்டி ஓடும் பகுதியைப் பற்றித்தான். எங்கள் பகுதியில் கணக்கெடுப்பு வாகனத்திலிருந்தே நடந்ததால், நடைபாதைக்கு மதிப்பெண்ணே இல்லை. மர வேர் தூக்கிய கல் பலகை, நடைபாதையின் நடுவில் நிற்கும் மின்பெட்டி, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லாத ஓரம் ஆகியவை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே அடுத்தடுத்துப் போட்டதில் சாலை மட்டம் உயர்ந்து, மழைநீர் நடைபாதை மீது ஏறுகிறது.

வரவு செலவுத் திட்டம் தயாராவதற்கு முன் நடக்கும் வார்டு கூட்டத்தில், நடைபாதைக்குத் தனித் தலைப்பில் தொகை ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். தனித் தலைப்பு கிடைக்கவில்லை. நடந்தே சென்று கணக்கெடுக்க மட்டும் ஒப்புக்கொண்டார்கள்; அந்தப் பட்டியல் தயாரானதும் அடுத்த ஒதுக்கீட்டுக்கு அதையே இணைத்து மீண்டும் மனு கொடுக்கவிருக்கிறோம்.