அலையாத்திக் காட்டு வாய்க்கால் உரிமை: புதுப்பிப்பு

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் தலைமுறைகளாக வாய்க்கால் மீன்பிடி செய்துவரும் எங்கள் ஊர் மக்கள் பழங்குடியினருக்கும் காட்டைச் சார்ந்து வாழும் பிற மக்களுக்கும் காட்டின் மீதுள்ள உரிமையை ஏற்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கொடுத்த மனு, "நில ஆவணம் இல்லை" என்று வாய்மொழியாகத் திருப்பப்பட்டதை முன்பு எழுதியிருந்தேன். பழங்குடியினர் அல்லாத நமக்கு அச்சட்டம் பொருந்துமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பொருந்தும், ஆனால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்து பிழைப்புக்குக் காட்டையே சார்ந்திருந்ததை நிறுவ வேண்டும்.

அதற்குப் பட்டா ஒன்றே வழி என்பது சரியன்று. மனுதாரர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து, அதனுடன் வேறொரு சான்றையும் சேர்த்துக் கொடுப்பதை விதிகளே ஏற்கின்றன. ஆகவே கிராம சபை கூடியபோது எங்கள் பெரியப்பா ஒருவர், எந்த வாய்க்காலை எந்தக் குடும்பம் தூர் வாரியது, ஓதம் ஏறும்போது உள்ளே வரும் மீனை நீர் இறங்கும் வேளையில் வாய்முனையில் வலை கட்டி எப்படிப் பிடித்தார்கள் என்று வாய்க்கால் வாய்க்காலாகச் சொல்லச் சொல்ல, கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுவினர் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பக்கங்களே இந்த மனுவின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீர்நிலைகளின் மீன்வளத்தைப் பயன்படுத்தும் சமூக உரிமையைக் கோரும் புதிய மனு, கிராம சபைத் தீர்மானத்துடன் உட்கோட்ட அளவிலான குழுவுக்குச் சென்றுவிட்டது. ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்கிறது. இம்முறை மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அப்படி மறுத்தால், 60 நாட்களுக்குள் மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்வோம்.