புதுப்பிப்பு: தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்

மனச்சிதைவு நோயோடு தம்பி வார்டில், துணைக்கு அம்மா, நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். இப்போது இருவரும் வீட்டில்.

அங்கிருந்த செவிலியர் அம்மாவிடம் முதலில் கேட்டது, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" அப்புறம்தான் மற்றதெல்லாம். காதில் குரல் கேட்கிறது என்று அவன் சொன்னால் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம், பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள் என்றார். தூக்கம் குறைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். நோய் திரும்புவதன் அறிகுறியாக இருக்கலாம். தேறிவிட்டான் என்று மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது. வளர்ப்பு சரியில்லை என்ற சித்தப்பாவிடம், வளர்ப்பால் வருகிற நோயில்லை இது என்று நேரிலேயே சொன்னார். (சித்தப்பா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை!)

உதவி எண் கேட்டவர்களுக்கு: டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். குடும்பத்தாரும் அழைக்கலாம்.