சிவபுரி முகாம், கங்கைக் கரை: மறக்க முடியாத ஒன்றை எழுதுங்கள்

மணல்வீடு

சிவபுரி ரிஷிகேஷுக்கு மேலே கங்கைக் கரையில் இருக்கிறது, எப்படிப் போவது என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2012 மார்ச். அலுவலகக் கூட்டம். கங்கைக் கரை மணல்திட்டிலேயே கூடாரம். பகலெல்லாம் ராஃப்டிங் (ரப்பர் படகில் துடுப்புப் போட்டு ஆற்றோட்டத்தோடு போவது), இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு.

இருட்டுகிற நேரத்தில் முகாமின் சமையல்காரர், அந்த மலைப் பகுதியைச் சேர்ந்த வயதான கட்வாலி மனிதர், ஒரு பாத்திரம் நிறைய வெள்ளைக் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் விளிம்பில் ஒன்று, அதற்கு ஓர் அடி மேலே இன்னொன்று என்று எங்கள் கூடாரம் வரை வரிசையாக நட்டுவிட்டுப் போனார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தோம். எங்களில் ஒருவன் அந்த வரிசையில் நொண்டியடித்துப் பாண்டி கூட ஆடினான்.

நள்ளிரவில் வெளியே வந்தேன். முதலில் உறைத்தது சத்தம். மாலையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காதபடி இரைந்த ஆறு, அடங்கிப்போயிருந்தது. டார்ச் அடித்தேன். இரைச்சலைக் கிளப்பிய பாறைகளைக் காணவில்லை. அவற்றின் மேல் தண்ணீர் வழவழவென்று போய்க்கொண்டிருந்தது. கல் வரிசையில் பாதி இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கல்லைச் சுற்றி மணல் கறுத்தது, கல் மெதுவாகச் சாய்ந்தது.

சமையல்காரர் கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். கண் முழுவதும் கற்களின் மேல். என்னைப் பார்த்ததும், போய்ப் படு என்று கையை அசைத்தார். படுத்தேன், தூங்கவில்லை. விடிந்தபோது ஆறு பழைய இடத்துக்கே போயிருந்தது. பொறுப்பாளரிடம் கேட்டால், "இரவில் ஒன்றும் நடக்கவில்லையே" என்றார்.

எத்தனையாவது கல் போனால் அந்தப் பெரியவர் எங்களை எழுப்புவதாக இருந்தார்? இன்றுவரை எனக்கு அதுதான் கேள்வி.

மேட்டுத்தெரு

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டைக் கவனிக்காமல் படிப்பவர்கள் அதே மணல்திட்டைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரையிலான கரையோர முகாம்களுக்குக் கடிவாளம் போட்டது. இப்போது விளம்பரத்தில் 'ஆற்றங்கரை முகாம்' என்று வருவதில் பல, மேலே சாலையை ஒட்டி இருப்பவை.

எங்களுக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான். படத்தில் கூடாரக் கதவைத் திறந்தால் கங்கை. நேரில் போய் இறங்கி, "ஆறு எங்கே தம்பி?" என்று பெட்டி தூக்கிய பையனைக் கேட்டோம். அவன் பள்ளத்தைப் பார்த்து முகவாயை உயர்த்தினான். நடுவில் பத்ரிநாத் நெடுஞ்சாலை, முக்கி முனகி ஏறும் லாரிகள், அதற்குக் கீழே செங்குத்துச் சரிவு, அதற்கும் கீழே பச்சையாக ஒரு கோடு. கங்கை நீர் பிடிக்கவென்றே பித்தளைச் சொம்பு எடுத்து வந்த என் அத்தை, நீலநிற ஓடு பதித்த நீச்சல் குளத்தின் ஓரத்தில் வெறும் சொம்போடு நின்றார். ஒலிபெருக்கியில் பஞ்சாபிப் பாட்டு. நனைந்த டவுசரோடு வந்த ஒரு பையன், சறுக்குமரத்துக்கு அவரும் வரிசையில் நிற்கிறாரா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனான். அத்தையின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மற்றபடி, மணல்வீடு, இரவில் தண்ணீர் ஏறியது என்பதை நம்புவது கடினம். மேலே தெஹ்ரி அணை விடும் தண்ணீர் கூடும், குறையும், உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே கோட்டேஷ்வர் அணையைக் கட்டியதே அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யத்தான். மலையில் தூக்கம் கலைந்தால் பலதும் தோன்றும்.

ஓய்வுபெற்ற டர்பைன்

மேட்டுத்தெரு நண்பரே, அரைகுறையாகச் சொல்கிறீர்கள். தெஹ்ரி 260.5 மீட்டர் உயர அணை, 1000 மெகாவாட் நிலையம். மின்தேவை உச்சத்துக்குப் போகும் நேரத்தில்தான் அதை முடுக்குவார்கள். டர்பைனைச் சுற்றிய தண்ணீர் ஆற்றில்தானே விழ வேண்டும்? கோட்டேஷ்வர் அதைத் தாங்கிச் சீராக விடுகிறது என்பது உண்மை. ஆனால் அதுவும் 400 மெகாவாட் நிலையம்தான், அதுவும் இயங்க வேண்டும். மாலையில் பெருநகரங்களில் விளக்கு எரிந்ததன் பலனைக் கீழே மணலில் படுத்திருப்பவன் சில மணி நேரம் கழித்து அனுபவிப்பான். பாறை மூழ்கினால் இரைச்சல் அடங்கும் என்பதும் ஆற்றோடு பழகிய எவருக்கும் தெரியும். அவர் கனவு காணவில்லை.

தேவப்ரயாகையில், தெஹ்ரியிலிருந்து வரும் பாகீரதியும் அலக்நந்தாவும் சேரும் படித்துறையில் என் மனைவி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மூழ்கினார். செருப்புகளை உலர்ந்த படியில்தான் கழற்றி வைத்திருந்தோம். அவர் மூன்று முழுக்குப் போட்டுத் தலை துவட்டுவதற்குள் ஒரு செருப்பு மிதக்கத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் நீர்மின் துறையில் வேலை பார்த்தவன் நான், கணக்கெல்லாம் தெரியும். இருந்தும் சங்கிலியைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது.

கனவு என்று எழுதுமுன் 2014 ஜூன் 8-ஐ நினைத்துப் பாருங்கள். இமாச்சலத்தில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர், பியாஸ் ஆற்றில் பாறைகள் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துக்கொண்டு போனது. அவர்களும் சுற்றுலா வந்த கூட்டம்தான்.

மேட்டுத்தெரு

சரி சார். கனவு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். தீர்ப்பாயம் பற்றிச் சொன்னது சரிதானே?

நீச்சல் தெரியாதவள்

அணையை விடுங்கள். ஆறு பாறைகளில் மோதிக் கொந்தளிக்கும் இடங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதில் ரோலர் கோஸ்டர் தாண்டியதும் கோல்ஃப் கோர்ஸ் வரும் அல்லவா, அங்கே எங்கள் ராஃப்ட் ஒரு பக்கமாகத் தூக்கியது. எல்லோரும் விழவில்லை, நான் மட்டும்.

மேலே வந்தேன் என்று நினைத்துத் தலையைத் தூக்கினால் ஹெல்மெட் எதிலோ முட்டுகிறது. ராஃப்டுக்கு அடியில் இருக்கிறேன். கறுப்பு ரப்பர், அதன் ஓரத்தில் மட்டும் பச்சை வெளிச்சம். உள்ளங்கையை ரப்பரில் வைத்து ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போ என்று கைடு கரையில் சொன்னது நினைவு வந்தது. சொல்லும்போது நான் தோழியின் ஜாக்கெட் வாரைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். எப்படிக் காதில் ஏறியதோ தெரியவில்லை. தள்ளினேன். வெளியே வந்தேன்.

வெளியே வந்த கணம்தான் என் தொல்லை. ராஃப்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் துடுப்பை உயர்த்தி ஆரவாரம் செய்தார். எங்கள் பயண வீடியோவில் அது அப்படியே இருக்கிறது: தண்ணீரிலிருந்து என் தலை வெளியே வருகிறது, பின்னணியில் ஒரே சிரிப்பு. திருமணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

பழைய துடுப்பு

தங்கைக்கு ஒரு வார்த்தை. உனக்கு நடந்ததுபோல் எனக்கும் நடந்தது, கோல்ஃப் கோர்ஸில் அல்ல, மேலே த்ரீ பிளைண்ட் மைஸில். முன்பல் ஒன்று போனது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் பல் ஏன் போனது என்று எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். துடுப்பின் தலையில் குறுக்காக ஒரு பிடி இருக்கும். மேல்கை அதை விட்டு இறங்கக் கூடாது. விட்டால் அந்தக் குமிழ் பக்கத்தில் இருப்பவன் வாயைத்தான் தேடிப் போகும். என் பல்லை எடுத்தது ஆறு அல்ல, என் மைத்துனனின் துடுப்பு. விழுந்துவிட்டால் மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டம் போகும் திசைக்கு நீட்டி, பாதத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் பின்னால் வரும் தண்ணீர் ஆளை மடக்கிப் போட்டுவிடும். கயிறு எறிந்தால் பையைப் பிடிக்காதே, கயிற்றைப் பிடி. பைக்குள்ளிருந்து கயிறு இன்னும் வந்துகொண்டே இருக்கும். பிடித்த கயிற்றைத் தோளுக்கு மேல் போட்டு மல்லாந்துகொள். மணிக்கட்டில் சுற்றாதே. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, நனைந்தால் அதன் எடை அவர்களுக்குத் தெரிவதில்லை. கண்ணாடி அணிபவர்கள் தலைக்குப் பின்னால் பட்டை கட்ட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள், அந்த மாதங்களில் யாராவது தனியாக அழைத்துப் போகிறேன் என்றால் போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட் தோளைப் பிடித்து இன்னொருவரைத் தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிய ஜாக்கெட்.

நீச்சல் தெரியாதவள்

அண்ணா, நான் இனி போகப்போவதே இல்லை.

பத்தமடைப் பாய்

2018 ஜூன் கடைசி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கொள்கை வகுக்கும்வரை ராஃப்டிங் கூடாது என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ராஃப்டுகள் ஜீப்புகளின் மேல் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. கட்டிய முன்பணம் வரவில்லை. சாகசம் செய்ய வந்த எட்டு ஆண்பிள்ளைகள் கடைசியில் முனி கி ரேதியில் சிவானந்த ஆசிரமத்தில் உட்கார்ந்திருந்தோம். சுவாமி சிவானந்தர் எங்கள் ஊர் பத்தமடையில் பிறந்தவர் என்று நான் சொன்னதும், அங்கே இருந்த ஒரு திருநெல்வேலிப் பாட்டி, "ஊரில் ஒருநாளாவது அவர் பிறந்த வீட்டுப் பக்கம் போயிருக்கிறாயா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் ரயிலேறும் வரை அதையே கேட்டுக் கொன்றார்கள்.

தட்டுவண்டி

பழைய துடுப்பு சார் கண்ணாடி என்று சொன்னதால் எழுதுகிறேன். 2019 அக்டோபர். ராஃப்டுகளைக் கரை ஒதுக்கி மாகி நூடுல்ஸ் விற்பார்களே, பாறையிலிருந்து குதிப்பார்களே, அந்த இடம். நான் குதிப்பதாக இல்லை, மாகி தட்டோடு பாறையடியில் நின்றேன். வேறு ராஃப்டில் வந்த ஒருவர், முன்பின் பார்த்தறியாதவர், கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு மேலே ஏறினார். உச்சியில் நெடுநேரம் நின்றார். கீழே கூட்டம் கூச்சலிட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் எட்டிப் பார்த்த விதத்தில், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, "வேண்டாம் சார், இறங்குங்கள்" என்று தமிழில் கத்தினேன். குதித்துவிட்டார்.

குதித்தவரை அவருடைய ராஃப்டே தண்ணீரில் வைத்து ஏற்றிக்கொண்டது. அப்படியே போய்விட்டது. நான் கண்ணாடியை ஆட்டிக்கொண்டு கரையோரம் ஓடினேன், அவர் கையசைத்தார். வாழ்த்துகிறேன் என்று நினைத்திருப்பார். நிம் பீச்சில் இறங்கியதும் தேடினேன், கிடைக்கவில்லை.

பழைய துடுப்பு

இதைத்தான் சொன்னேன். பட்டை பெரிய விலை இல்லை. விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சாதாரண எலாஸ்டிக்கை இரண்டு காதுப்பிடியிலும் முடிந்தால் போதும். நீங்களும் உடனே வாங்குங்கள்.

தட்டுவண்டி

சார், நான் கண்ணாடியே போடுவதில்லை. அவர் இதைப் படித்தால்: கறுப்புச் சட்டம், இடது காதுப்பிடி ஆணிக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியது, உள்பக்கம் கடையின் பெயர் பாதி அழிந்து மராத்தியோ இந்தியோ தெரியவில்லை. என்னிடம் பத்திரமாக இருக்கிறது.